பிரித்தானியா உடன்பாடில்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தால் எங்கள் கடையும் வீடும் என்னாகும்?

(இந்தக் கேள்வியும் பதிலும் 2019 செப்டெம்பரில், பிரித்தானியா விலகுவதற்கு முன் எழுதப்பட்டவை. இதிலுள்ள திகதிகளும் விதிகளும் விலைகளும் அப்போதைய நிலை.)

கேள்வி: ஐயா, நானும் கணவரும் லண்டன் ஹரோவில் சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறோம். கணவர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். 2013இல் தன் அப்பாவுடன் பாரிஸிலிருந்து இங்கே வந்தார். நான் 2016இல் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய மனைவியாக வந்து, வதிவிட அட்டை எடுத்தேன். மகனுக்கு இரண்டு வயது, அவனுக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்தான். மாமா இன்சுலின் போடுகிறவர். ஒக்டோபர் 31ஆம் திகதி பிரித்தானியா உடன்பாடு எதுவும் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனால் சாமான் வராது, மருந்து வராது, எங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கதைக்கிறார்கள். கணவர் கடனட்டையில் 20,000 பவுணுக்குச் சாமான் எடுத்து அடுக்கப் போகிறேன் என்கிறார். கிழமைக்கு ஒருமுறை மச்சான் பாரிஸிலிருந்து வானில் மீனும் மரக்கறியும் கொண்டுவந்து தருவார். அதுவும் நின்றுவிடுமா? நத்தாருக்குப் பிரான்ஸில் லா கூர்னேவில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போகவும் இருக்கிறோம். அரிசி மூடை கேட்டு வருகிற சனத்துக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இரவில் நித்திரை வருவதில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் வேலையாக அந்தக் கடனட்டையைக் கணவரிடமிருந்து வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பார்ப்போம்.

லண்டனில் சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். இந்த மாதம் என்னிடம் வருகிற கடைக்காரர்கள் எல்லோரும் சாமானைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தங்கள் வீட்டு ஆட்களின் வதிவிட உரிமையைப் பற்றிக் கேட்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான்: சாமானுக்கு இத்தனை வரிகள், உங்கள் நான்கு பேருக்கும் அரை வரி. கடையில் வரக்கூடியது சில கிழமை நட்டம். வீட்டில் நான்கு பேர் இன்னும் பதியாமல் இருப்பது அதைவிடக் கனமான விஷயம். அதற்கு வருகிறேன்.

நாட்டு நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 வீதம் பேர் விலகச் சொன்னார்கள். விலகும் நாள் முதலில் இந்த வருடம் (2019) மார்ச் 29 என்றிருந்தது, பிறகு ஏப்ரல் 12 ஆகி, இப்போது ஒக்டோபர் 31இல் நிற்கிறது. முன்பு பிரதமராக இருந்த தெரேசா மே கொண்டுவந்த உடன்பாட்டைப் பாராளுமன்றம் மூன்று தடவை தோற்கடித்தது. ஜூலையில் பிரதமராக வந்த பொரிஸ் ஜோன்சன் எப்படியும் ஒக்டோபரில் வெளியேறுவோம் என்கிறார். ஆனால் ஒக்டோபர் 19க்குள் பாராளுமன்றம் ஓர் உடன்பாட்டையோ, உடன்பாடில்லாத விலகலையோ ஏற்காவிட்டால், 2020 ஜனவரி 31 வரை அவகாசம் கேட்டே ஆகவேண்டும் என்று செப்டெம்பர் 9ஆம் திகதி ஒரு சட்டம் வந்துவிட்டது. கேட்டாலும் மற்ற 27 நாடுகளும் ஒருமித்துச் சம்மதிக்க வேண்டும். அதற்கிடையில் பாராளுமன்றத்தையே இடைநிறுத்திவிட்டார்கள். அது சட்டப்படி சரியா என்று இந்தக் கிழமை உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு யாரும் கடை நடத்த முடியாது. ஆகவே திகதியை விட்டுவிடுங்கள். எந்த நாளில் விலகினாலும், விலகாமலே போனாலும், வீண் போகாத வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

உடன்பாடு இருந்தால் 2020 டிசெம்பர் முடியும்வரை எல்லாம் இப்போதுள்ளபடியே ஓடும். இல்லையென்றால் அந்த இடைக்காலம் கிடையாது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு, பிரான்ஸின் சுங்க அதிகாரிக்குப் பிரித்தானியா இலங்கையைப் போல ஒரு வெளிநாடு. இரு கரைத் துறைமுகங்களான டோவரிலும் கலேயிலும் நேற்றுவரை நிற்காமல் போன லொறிக்குக் காகிதம் வேண்டும். பயம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் கிளம்புகிறது.

உங்கள் வாடிக்கையாளர்கள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற ‘இரகசிய அறிக்கை’, உடன்பாடில்லாத விலகலுக்கு ஆயத்தமாக அரசு போட்ட ஒப்பரேஷன் யெலோஹாமர் என்ற திட்டம். பாராளுமன்றம் கேட்டு வற்புறுத்தியதால் அரசு செப்டெம்பர் 11ஆம் திகதி அதை வெளியிட்டது. முதல் நாளில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் லொறிகளில் 50 முதல் 85 வீதம் வரை பிரெஞ்சுச் சுங்கத்துக்கு ஆயத்தமில்லாமல் வரலாம், போக்குவரத்து வழமையின் 40 முதல் 60 வீதத்துக்கு இறங்கலாம், லொறிகள் ஒன்றரை முதல் இரண்டரை நாள்வரை காத்து நிற்கலாம், மிக மோசமான நெருக்கடி மூன்று மாதம்வரை நீளலாம் என்று அதில் இருக்கிறது. இவை ‘வந்தால் இவ்வளவு மோசமாக வரலாம்’ என்று திட்டமிடுவதற்காகப் போட்ட கணக்கு. அதே அறிக்கை நாட்டில் மொத்தமாக உணவு தட்டுப்படாது, நாள்பட வைக்க முடியாத சில உணவு வகைகள் குறையும், விலை ஏறும், வருமானம் குறைந்தவர்களுக்கு அது கூடுதலாகச் சுடும் என்றும் சொல்கிறது. அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியை வெட்டிவிட்டு லொறிப் பகுதியை மட்டும் அனுப்புகிறார்கள்.

அரசாங்கத்தின் ஆயத்தத்தைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. கப்பலே இல்லாத ஒரு நிறுவனத்துக்கு 13.8 மில்லியன் பவுணுக்குக் கப்பல் சேவை ஒப்பந்தம் கொடுத்துப் பிறகு இரத்துச் செய்தவர்கள் இவர்கள். ஜனவரியில் கென்ட்டில் லொறி நெரிசலுக்கு ஒத்திகை பார்க்கிறோம் என்று மான்ஸ்டன் விமானத் தளத்தில் கூட்டியது 89 லொறிகளை. டோவருக்கு ஒரு நாளில் வருவது ஆயிரக்கணக்கில். ஆகவே நெரிசல் வராது என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் கடையின் எந்தத் தட்டைத் தொடும் என்பதுதான் கேள்வி.

நாளைக்குக் கடை திறந்ததும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தட்டுத் தட்டாக நடந்து பாருங்கள். சம்பா, சிவப்பரிசி, பாஸ்மதி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் தகரம், கருவாடு, பப்படம். இவை கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் பீலிக்ஸ்டோவுக்கோ லண்டன் கேற்வேக்கோ கொள்கலனில் வந்து இறங்குகிறவை. இவற்றுக்கு இன்றைக்கே சுங்க அறிவிப்பு உண்டு, நவம்பரிலும் அதே அறிவிப்புத்தான். முருங்கைக்காய், பாகற்காய், வல்லாரை, கறிவேப்பிலை எல்லாம் விமானத்தில் ஹீத்ரோவுக்கு வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இன்றைக்கே தேவை. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் அல்போன்சா உட்பட இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடோல் போன்ற சில மரக்கறிகளையும் தடை செய்தபோது நம் கடைகள் பட்ட பாடு நினைவிருக்கிறவர்களுக்கு இது விளங்கும். பிரெக்ஸிட்டுக்கு வெகு முன்பே நாங்கள் எல்லைக் காகிதங்களோடு மாரடித்துப் பழகியவர்கள். பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டுக்கு இது புதிது, உங்களுக்குப் பழையது. இலங்கைச் சாமானுக்கு 2017இல் திரும்பக் கிடைத்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற தீர்வைச் சலுகையைப் போன்ற சலுகைகளைத் தாங்களும் தொடர்ந்து கொடுப்போம் என்று பிரித்தானிய அரசு சொல்லியிருக்கிறது.

அப்புறம் மிஞ்சுவது வெங்காயம், தக்காளி, உள்ளி, கறிமிளகாய், தயிர், பட்டர். டச்சு வெங்காயம், ஸ்பானிய உள்ளி, குளிர்காலத்தில் ஸ்பானியத் தக்காளி. இவைதான் கால்வாயைக் கடந்து வருகிறவை. மார்ச் மாதத்தில் தாங்கள் விற்கும் தக்காளியில் 80 வீதமும் சலாட் இலையில் 90 வீதமும் ஐரோப்பாவிலிருந்தே வருகின்றன என்று பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளே ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தன. இந்தத் தட்டில் சில நாள் வெறுமை வரலாம், விலை ஏறலாம். ஆனால் இவற்றை வாங்கி அடுக்கவும் முடியாது, அழுகிவிடும். ஆக, அடுக்கக்கூடிய சாமானுக்குத் தட்டுப்பாடு வராது, தட்டுப்படக்கூடிய சாமானை அடுக்க முடியாது. கணவரின் 20,000 பவுண் திட்டம் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

மார்ச் 29ஐ நம்பி நாடு முழுவதும் கம்பனிகள் களஞ்சியங்களை நிரப்பின. அந்தக் காலாண்டில் பொருளாதாரம் 0.5 வீதம் வளர்ந்தது போலத் தெரிந்தது. அடுத்த காலாண்டில் 0.2 வீதம் சுருங்கியது, ஏனென்றால் எல்லோரும் அடுக்கியதை விற்றுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒருவர் அப்போது எடுத்த அரிசியில் வண்டு விழுந்து, ஜூலையில் வாங்கிய விலைக்கும் கீழே தள்ளினார். கடனட்டை வட்டி தனி. உலர் சாமானில் வழமையாக வைத்திருப்பதற்கு மேலே இரண்டு மூன்று கிழமைக்குப் போதுமானதை, கையில் இருக்கும் காசில் எடுங்கள். நத்தாருக்கும் பொங்கலுக்கும் எப்படியும் விற்றுவிடும். அதற்கு மேலே வேண்டாம்.

உங்கள் இலாபத்தை உண்மையில் தின்று கொண்டிருப்பது டோவர் நெரிசல் அல்ல, பவுணின் பெறுமதி. இதை யாரும் வட்ஸ்அப்பில் அனுப்பமாட்டார்கள். வாக்கெடுப்பு இரவில் ஒரு பவுண் கிட்டத்தட்ட 1.50 டொலராக நின்றது. இந்த மாதத் தொடக்கத்தில் 1.20க்கும் கீழே போய், இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொழும்பு வியாபாரி டொலரில்தான் பில் போடுகிறார். 30,000 டொலர் கொள்கலனுக்கு அன்றைக்கு 20,000 பவுண் கட்டியவர் 1.20இல் 25,000 பவுண் கட்டுகிறார். சுங்கத் தீர்வை ஒரு சதமும் ஏறாமல் ஐயாயிரம் பவுண் கூடிவிட்டது. உடன்பாடில்லாமல் பிரிந்தால் பவுண் இன்னும் விழும் என்றுதான் பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்கிறார்கள், கடைசி நேரத்தில் உடன்பாடு வந்தால் ஏறவும் ஏறும். நீங்கள் மற்றக் கடைக்காரர்களுடன் சேர்ந்து கொள்கலன் எடுப்பவர்கள் என்றால், அடுத்த கொள்கலனுக்குத் தேவையான டொலரில் பாதியை இன்றைய விலைக்கே பேசி நிறுத்தி வையுங்கள். மற்றப் பாதியை அன்றைய விலைக்கு வாங்கலாம். முழுவதையும் ஒரு பக்கம் வைப்பது சூதாட்டம், எந்தப் பக்கம் வைத்தாலும்.

இதில் உங்களுக்கு ஒரு சின்ன நன்மையும் இருக்கிறது. சொக்லேட், குளிர்பானம், இஞ்சிச் சோடா போன்ற 20 வீத வற் (பெறுமதி சேர் வரி) உள்ள சாமானை இறக்கும்போது இப்போது துறைமுகத்திலேயே வற் கட்டிவிட்டு, பிறகு கணக்கில் திரும்ப எடுக்கிறீர்கள். உடன்பாடில்லாமல் விலகினால் அதைத் துறைமுகத்தில் கட்டாமல் நேரே வற் கணக்கிலேயே காட்டி முடிக்கலாம் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் சாமானுக்கும் இது பொருந்தும். கைக்காசு கொஞ்சம் இலகுவாகும்.

இனி மச்சானின் வான். உங்கள் வியாபாரத்தில் நேரடியாக அடி விழக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

இன்றைக்கு அவர் பாரிஸ் பக்கத்து ருங்கிஸ் சந்தையில் விடிய முன் ஏற்றி, மத்தியானம் உங்கள் கடை வாசலில் இறக்குகிறார். கையில் ஒரு பற்றுச்சீட்டு இருந்தால் போதும். உடன்பாடில்லாமல் பிரிந்த பிறகு பிரான்ஸ் பக்கம் ஏற்றுமதி அறிவிப்பும் இந்தப் பக்கம் இறக்குமதி அறிவிப்பும் வேண்டும். பிரான்ஸில் இதற்கென்று புதிய முறையே வைத்திருக்கிறார்கள். அறிவிப்பின் கோட்டுக் குறியீட்டைக் கலேயில் வைத்து வாகன இலக்கத்தோடு இணைப்பார்கள், பச்சை விழுந்தால் நேரே போகலாம், செம்மஞ்சள் விழுந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். கடல்மீனுக்கு அது எந்தக் கப்பலில் சட்டப்படி பிடித்தது என்று காட்டும் சான்றிதழும் தேவைப்படும். தீர்வையைப் பொறுத்தவரை கவலை குறைவு. பெறுமதிப்படி 87 வீத இறக்குமதிக்குத் தற்காலிகமாகத் தீர்வையே இல்லை என்று மார்ச்சில் பட்டியல் வந்தது. மாடு, ஆடு, பன்றி, கோழி இறைச்சி, சில பால் பொருட்கள், சில வகை மீன் ஆகியவற்றுக்கு உண்டு. ஆகவே மீனை மட்டும் வகை வகையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் காகிதத்தின் கணக்கில் இருக்கிறது. ஒரே சாமான் ஏற்றிய பெரிய லொறிக்கு அறிவிப்பில் ஒரே ஒரு பதிவு. மச்சானின் வானில் ஐந்து வகை மீன், பத்து வகை மரக்கறி, ஒரு மூலையில் கேக் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, தனி எடை, தனிப் பெறுமதி. சுங்க முகவர் ஒவ்வொரு பதிவுக்கும் காசு கேட்பார். சின்ன வானின் இலாபத்தை அது விழுங்கிவிடும். அதனால் மச்சானோடு இப்போதே இருந்து கதையுங்கள்: கிழமைக்கு ஒருமுறை எல்லாமும் கலந்து கொண்டுவருவதை விட்டு, இங்கே கிடைக்காத இரண்டு மூன்று சாமானை மட்டும் கூடுதலாகக் கொண்டுவரலாமா? அவருடைய காகிதத்தில் இறக்குமதியாளர் யார், அவரா நீங்களா? நீங்கள்தான் என்றால் ஜிபி என்று தொடங்கும் ஈஓஆர்ஐ என்ற சுங்கப் பதிவு இலக்கம் உங்களுக்கு வேண்டும். வற் பதிந்த கம்பனிகளில் 88,000க்கு ஓகஸ்டில் வரித் திணைக்களம் தானாகவே அதை அனுப்பியது. திறக்காமல் கல்லாப் பெட்டிக்குக் கீழே போட்ட கபிலக் கவர்களைத் தேடிப் பாருங்கள், அதற்குள் இருக்கலாம். இல்லையென்றால் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அதோடு, ஐரோப்பாவிலிருந்து இறக்குகிறவர்கள் முழு அறிவிப்பையும் பிறகு கொடுப்பதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது. அதற்கும் முன்கூட்டியே பதிய வேண்டும். நவம்பர் முதல் இரண்டு கிழமைக்கு வானை ஓட்டாமல் விட்டு, இங்குள்ள மொத்த வியாபாரியிடம் எடுப்பதும் கெட்டித்தனம்தான். நெரிசலில் மீனோடு மாட்டிக்கொள்வதைவிட அது மலிவு.

சரி, இப்போது வீட்டு விஷயம். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்த நாட்டில் குடிவரவு ஆலோசனை சொல்ல அனுமதி வேண்டும், கணக்காளருக்கு அது கிடையாது. அரசு பகிரங்கமாகச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். உங்கள் தனிப்பட்ட சிக்கலுக்கு அனுமதி பெற்ற ஆலோசகரையோ சட்டத்தரணியையோ பாருங்கள்.

யாரும் உங்களை நவம்பர் 1ஆம் திகதி திருப்பி அனுப்ப முடியாது. ஏற்கெனவே இங்கே வாழும் ஐரோப்பியக் குடிமக்களுக்கும் குடும்பத்தினருக்கும் உடன்பாடில்லாமல் விலகினாலும், இங்கே தொடர்ந்து வாழும் உரிமை தரும் செற்றில்ட் ஸ்ரேற்றஸ் திட்டம் தொடரும். ஆனால் அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். உடன்பாட்டோடு விலகினால் 2021 ஜூன் 30 வரையும், உடன்பாடில்லை என்றால் 2020 டிசெம்பர் 31 வரையும் அவகாசம். ‘நிறைய நாள் இருக்கிறதே’ என்று உங்கள் கணவர் சொல்வார், எல்லாக் கணவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கரிபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து ஆயுள் முழுவதும் இங்கே உழைத்த விண்ட்ரஷ் தலைமுறையினரை, கையில் காகிதம் இல்லை என்பதற்காக இந்த நாடு என்ன செய்தது என்பதை 2018இல் எல்லோரும் பார்த்தோம். வேலை போனது, வைத்தியம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். உரிமை இருப்பது வேறு, அதைக் காட்ட முடிவது வேறு.

உங்கள் கணவரும் மாமாவும் 2013 முதல் தொடர்ந்து இங்கே இருந்தால் ஐந்து வருடம் கழிந்துவிட்டது, செற்றில்ட் கிடைக்க வேண்டும். தகப்பனுக்குக் கிடைத்தால் மகனுக்கும் அதுவே கிடைக்கும், ஆனால் பிள்ளைக்குத் தனி விண்ணப்பம். ‘அப்பாவுடையதில் சேர்ந்துவிடும்’ என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு மூன்று வருடம்தான் என்பதால் இப்போதைக்குப் பிறீ-செற்றில்ட் என்ற தற்காலிக உரிமை கிடைக்கும், ஐந்து வருடம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பித்து மாற்ற வேண்டும். அதுவரை எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் போய் நிற்காதீர்கள். பிரசவம், கடும் வருத்தம் போன்ற காரணங்களுக்கு ஒருமுறை விலக்கு உண்டு.

இனி எங்கள் ஆட்கள் வழுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன். தேசியக் காப்புறுதி இலக்கத்தைக் கொடுத்தால் கணினி உங்கள் வரிப் பதிவைத் தேடி நீங்கள் இங்கே இருந்த வருடங்களைத் தானே கண்டுபிடிக்கும். கணவரின் பெயரில் கடைக் கணக்கு ஒழுங்காகப் போயிருந்தால் அவருக்கு நிமிடக் கணக்கில் முடியும். நீங்கள் காலை ஏழு மணி முதல் கல்லாவில் நிற்கிறவர், ஆனால் சம்பளப் பதிவில் பெயர் இல்லை என்றால், கணினிக்கு நீங்கள் இந்த நாட்டில் இல்லை. பயப்பட வேண்டாம், வங்கிக் கூற்று, வைத்தியரின் கடிதம், கவுன்சில் வரிப் பில், மகன் பிறந்தபோது வந்த மருத்துவமனைக் கடிதங்கள் எல்லாம் செல்லும். உங்கள் பெயர் உள்ளவையாகப் பார்த்து, வருடத்துக்கு ஆறு மாதத்தையாவது மூடும்படி சேர்த்து வையுங்கள். இதற்காக இப்போது அவசரமாகப் பழைய திகதியில் சம்பளச் சீட்டு அடிக்க நினைக்க வேண்டாம். அது உங்களையும் மாட்டும், என்னைப் போன்ற ஒருவரையும் மாட்டும்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, வங்கியில் பின்னுக்கு, வரித் திணைக்களத்தில் ஓர் எழுத்துக் குறைவு. நம் வீடுகளில் இது சாதாரணம். விண்ணப்பிக்க முன் நான்கு காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஒரு சிறு விளக்கக் கடிதமும் திருமணச் சான்றிதழும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, இணைய வேலை தெரிந்த யாரோ ஒரு தம்பி ஊரில் உள்ள எல்லோருக்கும் தன் மின்னஞ்சலையும் தன் போன் இலக்கத்தையும் போட்டு விண்ணப்பித்துக் கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். இந்த ஸ்ரேற்றஸ் உங்கள் கணவருக்கு அட்டையாகவோ தாளாகவோ வராது. அது இணையத்தில் மட்டுமே இருக்கிறது. திறப்பதற்கான குறியீடு அந்த மின்னஞ்சலுக்கோ போனுக்கோதான் வரும். தம்பி நம்பரை மாற்றினால் உங்கள் உரிமை பூட்டிய பெட்டிக்குள். உங்கள் சொந்த இலக்கத்தைப் போடுங்கள், மாற்றினால் அங்கேயும் மாற்றுங்கள், புதிய பாஸ்போர்ட் எடுத்தால் அதையும் பதியுங்கள். கட்டணம் மார்ச் 30 முதல் இல்லை. விண்ணப்பக் கட்டணம் என்று சொல்லி யாராவது 65 பவுண் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் படிக்கும் செயலி இப்போதைக்கு அண்ட்ரோய்ட் போனில்தான் வேலை செய்கிறது. கணவர் ஐபோன் என்றால் உறவினரின் போனை இரவல் வாங்கி ஸ்கான் செய்யலாம், அதில் தவறில்லை. இரவல் போன் சரி, இரவல் மின்னஞ்சல்தான் கூடாது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல்: பயத்தில் ஓடிப்போய்ப் பிரித்தானியக் குடியுரிமை எடுக்க முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. நெதர்லாந்துப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் பெரும்பாலும் அதை இழக்க நேரிடும். ஜேர்மன் காரர்களும் விசாரிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

மாமாவின் இன்சுலின். நாட்டுக்கு வரும் மருந்தில் முக்கால்வாசி டோவர்-கலே வழியால் வருகிறது என்று யெலோஹாமரிலேயே இருப்பதால் உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் போன வருடமே மருந்துக் கம்பனிகளிடம் ஆறு கிழமைக்கு மேலதிகமாக இருப்பு வைக்கச் சொன்னார்கள். பெரிய இன்சுலின் கம்பனிகள் அதைவிடக் கூடவே வைத்திருப்பதாக அறிவித்திருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது, மருந்துச் சீட்டைக் கடைசி நாள்வரை இழுக்காமல் உரிய நாளில் புதுப்பிப்பது. ஒரு கிழமை முந்திக் கேட்கலாமா என்று வைத்தியரிடமே கேளுங்கள். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கியோ வேறு வழியிலோ சேர்த்து வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் பின் சுவரோடு நெருக்கி அடுக்கி அது உறைந்துபோனால் அந்த இன்சுலின் குப்பைக்குத்தான். வேறு பெயரில் உள்ளது கிடைத்தால் அதே அளவை நீங்களாகப் போட வேண்டாம், தாதியிடமோ வைத்தியரிடமோ கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நத்தார்ப் பயணம். விமானமும் ஓடும், ரயிலும் ஓடும், அதற்கான ஏற்பாடுகள் இரு பக்கமும் இருக்கின்றன. கணவருக்கும் மாமாவுக்கும் மகனுக்கும் பிரச்சினை இல்லை, தங்கள் நாட்டுக்குத்தான் போகிறார்கள். சிக்கல் உங்களுக்கு. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு பிரித்தானிய வதிவிட அட்டையைக் காட்டி, கணவரோடு விசா இல்லாமல் பிரான்ஸ் போய்வந்தீர்கள். பிரித்தானியா ஒன்றியத்தில் இருக்கும்வரைதான் அந்த அட்டைக்கு அங்கே மதிப்பு. உடன்பாடில்லாமல் விலகினால் உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும் என்று எடுத்துக்கொண்டு இப்போதே சந்திப்புத் திகதி பாருங்கள். பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கு விசாக் கட்டணம் இல்லை, ஆனால் டிசெம்பரில் திகதி கிடைப்பது கடினம். காரில் போவதென்றால் காப்புறுதிக் கம்பனியிடம் வெளிநாட்டிலும் காப்புறுதி உண்டு என்று காட்டும் பச்சை அட்டை கேளுங்கள், ஒரு மாதம் முந்தியே கேட்க வேண்டும். பிரித்தானிய லைசன்ஸ் என்றால் தபாலகத்தில் 5.50 பவுணுக்குச் சர்வதேச அனுமதிப் பத்திரம் எடுக்கலாம், பிரான்ஸுக்கு 1968 என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். மச்சாள் வீட்டுக்கு மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கட்டிக்கொண்டு போகிற வழக்கம் இருந்தால் இந்த முறை மரக்கறி ரோல்ஸ். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடாது.

வங்கியில் உள்ள காசை எடுத்து நகை வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கணவரின் கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு வங்கியில் ஒருவருக்கு இப்போது (2019) 85,000 பவுண்வரை உள்ள பாதுகாப்பு பிரெக்ஸிட்டால் மாறாது. நகை கழுத்துக்கு நல்லது. வீட்டு விலை 30 வீதம் விழும் என்று அவர் கேள்விப்பட்டது, இங்கிலாந்து மத்திய வங்கி போன நவம்பரில் மிக மோசமான நிலைக்குப் போட்ட பரீட்சைக் கணக்கு. பொருளாதாரம் 8 வீதம் சுருங்கும் என்ற அதே கணக்கை இந்த மாதம் 5.5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதுவும் சின்ன அடி இல்லைதான். ஆனாலும் குடியிருக்கும் வீட்டை விற்க நினைக்காதவர் அதற்காக இன்றைக்கு எதையும் செய்யத் தேவையில்லை.

கடைசியாக, அரிசி மூடை கேட்டு வருகிற சனத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ‘ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூடை மட்டும்’ என்று கதவில் எழுதி ஒட்டாதீர்கள். ஒட்டிய அன்றைக்குப் பின்னேரமே தெரு முழுக்கப் படம் போய்விடும். கேட்கிறவர்களுக்குக் கேட்டதைக் கொடுங்கள், அடுத்த கொள்கலன் எந்தத் திகதியில் இறங்குகிறது என்று வாயால் சொல்லுங்கள். விலையையும் ஏற்ற வேண்டாம், நவம்பரில் அதே ஆட்களுக்குத்தான் விற்கப் போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிய பிறகு நால்வரின் பாஸ்போர்ட், உங்கள் அட்டை, ஓர் அண்ட்ரோய்ட் போன் ஆகியவற்றோடு மேசையில் இருங்கள். மாமாவின் விண்ணப்பத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.